தண்டவாளம் இல்லாத ஊரின் ரயில் பாடம்

ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது எளிது. அங்கே அவர்கள் எதையாவது கண்டுபிடித்துத் திரும்புவதுதான் கடினம். கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து திருச்சி வரை ஒரு கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடுவது எப்படி?

மட்டாஞ்சேரியில் வளரும் பிள்ளைக்குப் படகு தெரியும். கப்பல் தெரியும். மிளகும் இஞ்சியும் ஏற்றிய லாரி பஜார் சாலையின் குறுகிய வளைவில் சிக்கிக்கொண்டால் எப்படிப் பின்னால் எடுப்பது என்பதுகூடத் தெரியும். ரயில் மட்டும் அக்கரைச் சமாச்சாரம். டச்சு அரண்மனைக்கும் யூதத் தெருவுக்கும் பழைய கிடங்குகளுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தப் பகுதிக்குள் தண்டவாளம் நுழைந்ததில்லை. ‘மட்டாஞ்சேரி ஹால்ட்’ என்று ரயில்வே பட்டியலில் ஒரு நிறுத்தம் உண்டு. அதுவும் காயலுக்கு அந்தப்புறம், வில்லிங்டன் தீவுக்குப் போகும் பாதையில்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளி ரயில் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போக நினைத்தால், ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, “எதற்கு?” என்பதாகத்தான் இருக்கும். ஊட்டி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது, கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. ஓடாத எஞ்சினைப் பார்க்க 40 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாநிலம் தாண்ட வேண்டுமா?

வேண்டும். ஒரு நிபந்தனையோடு. பிள்ளைகள் கேள்விகளோடு போக வேண்டும். அந்தக் கேள்விகள் அவர்களுடைய ஊரிலிருந்தே கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் அருங்காட்சியகம் ஒரு பழைய இரும்புக் கடை. முதல் அரை மணி நேரம் புகைப்படம், அடுத்த அரை மணி நேரம் பொம்மை ரயில், பிறகு ஐஸ்கிரீம். அதோடு முடிந்தது.

எந்த ஊர்?

தென்னிந்தியப் பள்ளிகளுக்கு எட்டும் தூரத்தில் நல்ல தேர்வுகள் சில உள்ளன. நாட்டின் முதல் ரயில் அருங்காட்சியகம் டெல்லி சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்டது. 1855இல் செய்யப்பட்ட ‘ஃபேரி குவீன்’ எஞ்சினும் பட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயிலும் அதன் பெருமைகள். ஆனால் கொச்சியிலிருந்து போகவும் வரவும் மட்டுமே நான்கைந்து நாட்கள் ஓடிவிடும். பள்ளிக்குக் கட்டுப்படியாகாது.

மைசூர் அருங்காட்சியகம் 1979இல் தொடங்கியது. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. மகாராணி பயணம் செய்த சலூன் பெட்டியைப் பார்த்த பிள்ளைகள் எளிதில் மறக்கமாட்டார்கள். சிக்கல் பாதையில் இருக்கிறது. கொச்சியிலிருந்து ரயிலில் போனால் கோவை, சேலம், பெங்களூர் என்று பெரிய சுற்று. சாலையில் போனால் வயநாடு வழியாகப் பந்திப்பூர் காட்டைக் கடக்க வேண்டும். அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை.

சென்னைக்கு இரவு ரயில்கள் பல. ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய அருங்காட்சியகம் 2002இல் திறக்கப்பட்டது. ஸ்விஸ் நிறுவனத்தின் துணையோடு 1955இல் பெட்டி கட்டத் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலைதான் 2018இல் வந்தே பாரத் ரயிலை உருவாக்கியது. பெட்டி எப்படி உருவாகிறது என்பது பாடமானால் சென்னைக்கு ஈடில்லை.

ஓடும் பாரம்பரியத்தையே பார்க்க வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில், 46 கி.மீ. தூரத்தில் 16 சுரங்கங்களையும் 208 வளைவுகளையும் கடக்கிறது. ஆனால் ஒரு வகுப்புக்கு மொத்தமாக இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயிலே ரத்து.

மட்டாஞ்சேரிப் பள்ளிக்கு மிகப் பொருத்தமான ஊர் திருச்சி. அங்கே ரயில் அருங்காட்சியகம் 2014 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. என்றாலும் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளுக்கு அந்த ஊரோடு ஓர் உறவு இருக்கிறது. கொச்சி மன்னர் போட்ட ரயில் பாதையை 1908 முதல் இயக்கியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. எஸ்.ஐ.ஆர். என்று பெரியவர்கள் நினைவுகூரும் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் திருச்சி. கொச்சியின் வண்டிகள் எப்போது ஓட வேண்டும் என்பதை ஒரு காலத்தில் திருச்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவலே போதும். அவர்கள் பார்க்கப் போவது சொந்த ஊர்க் கதையின் மறுபாதி.

யானையும் ரயிலும்

முதல் பாதி கொச்சியிலேயே இருக்கிறது. ஆகவே திருச்சிக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை உள்ளூருக்கு ஒதுக்கியாக வேண்டும். செலவு படகுக் கட்டணம் மட்டும்தான். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் அதன் படகுத்துறைகள் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டன. மட்டாஞ்சேரியில் ஏறினால் தீவில் இறங்கிப் பார்த்துவிட்டு, உயர் நீதிமன்றத் துறைக்குப் போகலாம்.

உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால், மங்களவனம் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி, நடக்கும் தூரத்தில் இருக்கிறது பழைய எர்ணாகுளம் ரயில் நிலையம். கொச்சியின் முதல் ரயில் நிலையம் இதுதான். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கான ரயில் பாதை 1862இலேயே இணைந்துவிட்டது. ஆனால் அது ஷொரணூர் வழியாக பேப்பூருக்குப் போயிற்று. துறைமுகம் வைத்திருந்த கொச்சி, ரயில் இல்லாமல் 40 ஆண்டுகள் காத்திருந்தது. கடைசியில் மன்னர் ராம வர்மா முனைந்து நின்று ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை போட வைத்தார். 1902 ஜூலையில் பயணிகள் ரயில் வந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதையின் சுவை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளுக்கு 15 பொன் நெற்றிப்பட்டங்கள் இருந்தன. அவற்றில் 14ஐ மன்னர் விற்றார் என்று கொச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கோயில் யானையின் அலங்காரத்தை உருக்கி ரயில் விடுவது சரியா, தவறா? எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல விவாதத் தலைப்பு கிடைக்காது. இன்றைக்கும் பொருந்தும் தலைப்பும்கூட.

காந்தி 1925 மார்ச்சில் வைக்கம் சத்தியாகிரகத்துக்காக வந்தபோது இறங்கியது இந்த நிலையத்தில்தான். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்கான போராட்டம் அது. பெரியார் அதே போராட்டத்தில் ஏற்கெனவே சிறை சென்றிருந்தார். தமிழகப் பாடநூலிலும் கேரளப் பாடநூலிலும் தனித்தனியாக வரும் ஒரு வரலாறு இங்கே ஒரே பிளாட்பாரத்தில் வந்து சேர்கிறது.

பிறகு நிலையம் தேய்ந்த கதை. முதலில் போட்ட பாதை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர். சென்னைப் பாதையோ 1.676 மீட்டர் அகலம். ஷொரணூரில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. 1930களில் அகலப்பாதை வந்து அந்தச் சிரமம் தீர்ந்தது. ஆனால் அதே காலத்தில் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை விரித்துக்கொண்டிருந்தார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல் அங்கே போனதும் ரயிலும் அங்கே திரும்பியது. புதிய பாதையும் பாலமும் ஹார்பர் டெர்மினஸும் வந்தன. பழைய நிலையம் சரக்குக் கொட்டடியாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

விதி ஹார்பர் டெர்மினஸையும் விடவில்லை. ஏற்றுமதித் தேயிலையும் கப்பல் பயணிகளும் வந்து குவிந்த அந்த நிலையத்துக்கு 2018 செப்டம்பரில் ஒரு டெமு ரயிலை விட்டுப் பார்த்தார்கள். கூட்டம் சேரவில்லை என்று சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நிலையங்களும் ரயில்வேயின் சொத்து. உள்ளே போக அனுமதி வேண்டும். பள்ளியின் கடிதத்தாளில் எழுதி, நேரில் கொடுத்து, முத்திரையோடு ஒரு நகலைத் திருப்பி வாங்கிக்கொள்வது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் வெளியிலிருந்தே பார்க்கலாம். இடிந்த சுவரும் மூடிய கதவும் பிள்ளைகளின் கேள்விகளைக் குறைத்துவிடாது.

இரவுச் சாலையின் பாடம்

அடுத்த முடிவு வாகனம். இதில் எர்ணாகுளம் மாவட்டத்துக்குத் தாங்க முடியாத அனுபவம் இருக்கிறது. 2022 அக்டோபர் 5ஆம் தேதி இரவு, முளந்துருத்தி அருகே உள்ள ஒரு பள்ளியிலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதிக் கவிழ்ந்தது. இறந்தவர்கள் ஒன்பது பேர். ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த மூன்று பயணிகள். பேருந்து மணிக்கு 97 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் போயிருந்தது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன், 2007 பிப்ரவரி 20 அன்று, இதே மாவட்டத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு மூழ்கியது. அங்கமாலி பக்கத்துப் பள்ளி ஒன்றின் 15 மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் இறந்தார்கள். அதுவும் சுற்றுலாதான்.

கேரளத்தில் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஓடக் கூடாது என்பது வடக்கஞ்சேரிக்கு முன்பே இருந்த அறிவுறுத்தல். இரவு நேரத்தை மிச்சப்படுத்தினால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்ற எண்ணத்தில் அது மீறப்பட்டுக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. பேருந்து ஏற்பாடு செய்யும் பள்ளிகள் மோட்டார் வாகனத் துறைக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும்.

ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேருந்தில் போவது எப்படியும் வேடிக்கையான காரியம். எர்ணாகுளத்திலிருந்து காரைக்கால் போகும் எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டுக் கோவை, ஈரோடு, கரூர் வழியாகக் காலையில் திருச்சியைத் தொடுகிறது. அதே வண்டி மறுமார்க்கத்தில் மாலைக்கு மேல் திருச்சியில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். இரண்டு இரவும் ரயிலில் கழிவதால் விடுதிச் செலவு இல்லை. காலையில் குளித்து உடை மாற்ற மட்டும் திருச்சியில் ஓர் இடம் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு பள்ளியை நாடினால் அங்குள்ள பிள்ளைகளோடு பேசும் வாய்ப்பும் கிடைக்கும்.

ரயில் என்றதும் பொறுப்பு குறைந்துவிடாது. பெட்டியின் கதவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நிலையத்தில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் பிடிக்க இறங்குகிற ஒரு பையன் போதும், ஆசிரியரின் தூக்கம் போக. 10 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மாணவிகளுக்குப் பெண் ஆசிரியைகள், இரவு முழுக்க முறைவைத்து விழித்திருக்க இருவர் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் பயணத்தையே தள்ளிவைக்கலாம். ரயில்வே உதவி எண் 139 ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் இருக்க வேண்டும். ஆசிரியரின் எண்ணும் அப்படியே. கைபேசி தொலைந்தால் நோட்டு உதவும்.

யார் விடுபடுகிறார்கள்?

சுற்றுலா அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகளுக்குத் திடீரென்று “உறவினர் கல்யாணம்” வந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கு இதன் பொருள் தெரியும். மட்டாஞ்சேரியில் சுமைத் தொழிலாளர் வீடுகளும் மீன் விற்பவர் வீடுகளும் மாத வாடகைக்குத் திணறும் வீடுகளும் அதிகம். பெயர் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பட்டியல் வகுப்பில் வாசிக்கப்படும்போதே சுற்றுலாவின் கல்வி பாதி கெட்டுவிடுகிறது. பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது என்றும், உடன் போகும் ஆசிரியர்களின் செலவைப் பிள்ளைகள் மீது சுமத்தக் கூடாது என்றும் கேரளக் கல்வித் துறை 2024இன் இறுதியில் அறிவுறுத்தியது. அதை நிறைவேற்றும் வழி, தொகையை அறிவிப்பதற்கு முன்பே செலவைக் குறைப்பதுதான்.

ரயில்வே இதற்கு உதவுகிறது. முதியோருக்கான சலுகை உட்படப் பல கட்டணச் சலுகைகள் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டாலும் மாணவர்களுக்கான சலுகை தொடர்கிறது. கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதத் தள்ளுபடி. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்குத் தனிச் சலுகை ஒன்று இருக்கிறது. மட்டாஞ்சேரி மாநகராட்சி எல்லைக்குள் வருவதால் அது இங்கே பொருந்தாது. தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட விண்ணப்பம் முன்பதிவுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இணையத்தில் அவசரமாக டிக்கெட் எடுத்துவிட்டு, சலுகையைப் பிறகு கேட்கலாம் என்று நினைத்தால் பணம் போனதுதான்.

இன்னொரு கணக்கு வயது. 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் தனிப் படுக்கை கிடையாது. படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படுக்கை அவசியம். ஆக, செலவுத் திட்டத்தை முழுக் கட்டணத்தில் தொடங்கித்தான் போட வேண்டும். 13 வயதான எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பயணத்துக்கு ஏற்றவர்கள். பொதுத் தேர்வின் பயமும் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

மாதம்? ஜூன் முதல் கேரளத்தில் மழை. அக்டோபர், நவம்பரில் தமிழகத்தில் மழை. டிசம்பரில் தேர்வு. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரம் சரியாக இருக்கும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே நவம்பருக்குள் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பெயர்ப் பட்டியல், சலுகை விண்ணப்பம் மூன்றும் முடிந்துவிட வேண்டும். கூட்டமாக ஒரே பெட்டியில் இடம் வேண்டுமானால் நிலையத்தின் தலைமை முன்பதிவு மேற்பார்வையாளரை நேரில் பார்ப்பதே வழி.

சாப்பாவும் டோக்கனும்

இனி திருச்சி. அருங்காட்சியகம் சந்திப்பு நிலையத்திலிருந்து தொலைவில் இல்லை. வெளியே பழைய எஞ்சின்கள். உள்ளே கடிகாரங்கள், மணிகள், கைவிளக்குகள், தந்திக் கருவிகள், படங்கள். எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டால் நாள் உருப்படும். ஐந்து பேர் கொண்ட குழு, குழுவுக்கு மூன்று பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து மூன்று கேள்விகளுக்கு விடை. இது போதும். என்ன பொருள்? யார் கையில் இருந்தது? அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஓர் உதாரணம். ரயில் அருங்காட்சியகங்களில் பொதுவாகக் காணப்படும் டோக்கன் கருவி. சிவப்புப் பெட்டி, உள்ளே இரும்புக் குண்டுகள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. இதற்காக அடுத்தடுத்த இரண்டு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் உள்ளே போகும்வரை இரண்டு பெட்டிகளும் இன்னொரு குண்டைத் தராது. குண்டு யார் கையில் இருக்கிறதோ அந்த டிரைவருக்குத்தான் அந்தப் பாதை. ஓடும் வண்டியிலிருந்து பிடிப்பதற்காக அதைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கோத்துக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு இரும்புக் குண்டு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு இந்த இடத்தில் வேறொரு டோக்கன் நினைவுக்கு வர வேண்டும். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கங்காணிகள் கூட்டத்துக்குள் விட்டெறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு வேலை. எடுக்காதவன் வீட்டில் பட்டினி. இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டம் மூன்று உயிர்களைக் கொண்டது. 2023இல் வெளியான ‘துறமுகம்’ மலையாளப் படம் சொல்வது இந்தக் கதையைத்தான்.

திருச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறிய 1928இல்தான், ஆட்குறைப்பை எதிர்த்து எஸ்.ஐ.ஆர். தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்ததும் அதே பணிமனைதான். அருங்காட்சியகத்தில் எஞ்சினுக்கு வண்ணம் பூசி வைப்பார்கள். அதைச் செய்த கைகளை ஆசிரியர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மொழியும் ஒரு பாடம். பொருட்களின் பெயர்ப் பலகைகளில் மலையாளத்தை எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே ஒரு சொற்பட்டியல் தயாரிப்பது நல்லது. நாம் புகைவண்டி என்றதை மலையாளி தீவண்டி என்றான். ஒருவன் புகையைப் பார்த்தான், மற்றவன் நெருப்பைப் பார்த்தான். நாம் தண்டவாளம் என்பது அங்கே பாளம். தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருக்கும் மட்டாஞ்சேரியில், ஒரே பொருளுக்கு ஐந்து பெயர் சேகரிப்பது ஒரு மாலை நேர வேலை.

மதியத்துக்கு மேல் ஒரே ஓர் இடம் போதும். மலைக்கோட்டையில் ஏறி, கீழே ஊரையும் காவிரியையும் பார்த்துவிட்டு இறங்கலாம். மூன்று கோயில், ஓர் அணை, ஒரு கடைத்தெரு என்று அடுக்கினால் இரவு ரயிலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்.

திரும்பிய பிறகு

வழக்கமாகச் சுற்றுலா முடிந்ததும் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். “நாங்கள் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்” என்று 40 நோட்டுகளும் முடியும். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுக்கலாம். எர்ணாகுளம் பழைய நிலையம் ஓர் அருங்காட்சியகமானால் அதில் என்னென்ன வைக்கலாம்? ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளைச் சொல்ல வேண்டும், ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். யானையின் நெற்றிப்பட்டம் ஒன்றின் மாதிரி வரும். ஷொரணூரில் மூட்டை மாற்றியவர்களின் கொக்கி வரும். ஒரு சாப்பா வில்லை வரும். தேயிலைப் பெட்டி வரும். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு மரம் இறக்க 1907இல் கொச்சி அரசு தொடங்கி 1963 வரை ஓட்டிய டிராம்வேயின் கதை வரும். சரிவில் இறங்கும் பாரவண்டியின் எடையே காலி வண்டியை மேலே இழுத்த அந்த ஏற்பாட்டை இயற்பியல் ஆசிரியர் விளக்கலாம்.

அந்தப் பட்டியலை அழகாக எழுதி, 40 பிள்ளைகளும் கையெழுத்திட்டுத் தெற்கு ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் அனுப்பலாம். பழைய நிலையத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கை பெரியவர்களிடமிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறது. திருச்சி வரை போய், ஓர் அருங்காட்சியகம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடமிருந்து போனால் அந்தக் காகிதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் இருக்கும்.

பதில் வராமலும் போகலாம். அப்போதும் அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் படகில் ஏற்றி, பழைய நிலையத்தின் வாசலில் நிறுத்தி, இங்கே ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று சொல்ல 40 வழிகாட்டிகள் தயாராக இருப்பார்கள்.

சுற்றுலாவுக்கு முன்: ஒரு சரிபார்ப்பு

● ஜூலை: ஊரும் மாதமும் முடிவு. பெற்றோர் கூட்டத்தில் உத்தேசச் செலவை வெளிப்படையாக வைத்தல். சிரமப்படும் குடும்பங்களுக்கு உதவ நிதி, பெயர் வெளியே தெரியாமல்.

● செப்டம்பர்: அருங்காட்சியகத்துக்குக் கடிதம். வார விடுமுறை நாள், திறக்கும் நேரம், பள்ளிக் கட்டணம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்தல். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

● அக்டோபர்: உள்ளூர் ரயில் நடை. படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றப்பட்டால் அடுத்த படகுக்குக் காத்திருத்தல். உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பிள்ளைகளுக்குக் காட்டுதல்.

● நவம்பர்: பெற்றோர் சம்மதம், சலுகை விண்ணப்பம், முன்பதிவு. ரயில் நேரத்தைப் புதிய அட்டவணையில் சரிபார்த்தல்.

● ஜனவரி: ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியலும் மருந்தும் ஒரே ஆசிரியர் கையில். மாணவிகளுக்கான நாப்கின் பை. சக்கர நாற்காலி தேவைப்படும் பிள்ளை இருந்தால் இரண்டு நிலையங்களுக்கும் முன்தகவல்.

● பயண நாள்: ஏறும்போது, இறங்கும்போது, இரவு விளக்கணைக்கும்போது, விடியும்போது, ஒவ்வொரு முறையும் தலை எண்ணிக்கை. பிள்ளைகளே குழுத் தலைவர்களாக எண்ணி, ஆசிரியர் இரண்டாம் முறை எண்ண வேண்டும்.